மாமாவின் மத்தளமும் கிளிக்கும்: வீட்டில் பாட்டுப் பதிய யோசனை தேவை

படுவான்கரையான் | வெள்ளி இரவு

வணக்கம். மட்டக்களப்பு, வெல்லாவெளிப் பக்கம் இருக்கிறேன். என்னிடம் ஆறு பாட்டு இருக்கிறது, வரிகள் எல்லாம் என்னுடையவை. மெட்டு பாதி தென்மோடிக் கூத்துச் சாயல், மீதி என் கிட்டார். மத்தளம் மாமா. அவர் அண்ணாவியார், கூத்தைப் பழக்கி மத்தளம் அடித்து நடத்துகிறவர், நாற்பது வருடக் கை. ஸ்டூடியோவில் மணிக்கணக்குக்குக் காசு கொடுக்க வசதியில்லை. கொடுத்தாலும் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று மாமா அடிக்க மாட்டார். ஆகவே வீட்டில்தான்.

கையில் உள்ளவை: 8 ஜீபீ ராம் உள்ள பழைய விண்டோஸ் லப்டொப், ஒரு கிட்டார், ஒன்லைனில் 'ஸ்டூடியோ செட்' என்று சொல்லி விற்றதை நம்பி வாங்கிய கொன்டென்சர் மைக். அதோடு ஒரு சின்ன சவுண்ட் கார்ட்டும் வந்தது. அதில் பதிந்தால் என் குரலைவிட மழை இரைவது போன்ற சத்தம்தான் கூட. வெளியே மழையே இல்லை.

அறை 10க்கு 10 அடி, மேலே சீற் கூரை. பட்ஜெட் 80,000 ரூபா. நெல்லு விற்ற காசு, அதற்கு மேல் ஒரு சதமும் போட ஒண்ணா.

எந்த மைக் வாங்கலாம்? எந்த சொப்ட்வெயார்? சுவரில் முட்டைத் தட்டு ஒட்டலாமா?

ஒலிப்பெட்டி | வெள்ளி இரவு

முட்டைத் தட்டு ஒட்டினால் சத்தம் போகாது. எலி வரும்.

கல்லடிப்பாலம் | சனி காலை

தம்பி, புது மைக்கைப் பற்றி யோசிக்க முதல் ஒரு விஷயம். அந்த செட்டோடு வந்த வயரின் ஒரு முனையில் மூன்று துளையும் மறுமுனையில் ஹெட்போன் ஊசியும் இருக்கிறதா? அப்படியென்றால் குற்றம் மைக்கில் இல்லாமலும் இருக்கலாம். கொன்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பான்டம் பவர், அதாவது மைக் வயர் வழியாகவே போகும் மின்சாரம், வேண்டும். ஹெட்போன் ஊசி வழியாக அது போகாது, அந்தக் குட்டி கார்ட் கொடுப்பதும் சில வோல்ட்தான். அரை வயிற்றுக் கஞ்சியோடு வயலுக்கு அனுப்பிவிட்டு வேலை சரியில்லை என்கிறோம். இரு முனையிலும் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று தொடுப்பு முனை உள்ள வயர் ஒன்று வாங்கி, ஒழுங்கான இன்டர்பேஸில், அதாவது மைக்கை லப்டொப்போடு இணைக்கும் பெட்டியில், போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் இரைந்தால் மைக்கைத் திட்டலாம்.

இன்டர்பேஸ் வாங்கும்போது மைக் போடும் வாய் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். போக்கஸ்ரைட் ஸ்கார்லெட்டில் சோலோ மலிவு, ஆனால் அதில் மைக் ஒன்றுதான் போடலாம். 2ஐ2 என்றால் இரண்டு. பெரிங்கரில் யூஎம்2வுக்கு ஒன்று, யூஎம்சி202எச்டிக்கு இரண்டு. மத்தளம் இருக்கிற வீட்டில் ஒரு வாய் போதாது. மிச்சக் காசில் ஒரு டைனமிக் மைக். ஷுவர் எஸ்எம்57 என்றால் 1965 முதல் மேளத்துக்கும் கிட்டார் அம்ப்ளிபயருக்கும் உழைத்துக்கொண்டிருக்கிற சாமான், கீழே விழுந்தாலும் எழும்பி வேலை செய்யும். புதிது கட்டாது என்றால் ஆளைத் தெரிந்து பழையது வாங்குங்கள்.

சொப்ட்வெயாருக்கு ரீப்பர். 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்க விடுவார்கள், மறுகா தனியாள் லைசன்ஸ் 60 டொலர். பழைய லப்டொப்பிலும் மூச்சு வாங்காமல் ஓடும். ஓடாசிட்டி இலவசம், வெட்டி ஒட்ட நல்லது. ஆனால் ஒரு பதிவைக் கேட்டுக்கொண்டே மேலே இன்னொன்று பாடி அடுக்குகிற வேலைக்கு எனக்கு ரீப்பர்தான் கைக்கு வந்தது.

பதிவுத் தரத்தை 24 பிட், 48,000 ஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ட்றாக் நிமிடத்துக்கு ஒன்பது எம்பீக்குள் அடங்கும், டிஸ்க் நிறைந்துவிடும் என்ற பயம் வேண்டாம். அளவு காட்டும் கோடு மாமா உச்சத்தில் அடிக்கும்போதும் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். 24 பிட்டில் மெல்லப் பதிந்ததைப் பிறகு கூட்டலாம். சிவப்புக்குப் போய்க் கிழிந்ததை ஒருவராலும் தைக்க முடியாது.

படுவான்கரையான் | சனி மதியம்

வயர் நீங்கள் சொன்ன மாதிரித்தான் இருக்கிறது அண்ணன்! ஒரு வருடமாக அந்த மைக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அறைக்கு என்ன செய்வது? கை தட்டினால் டிங் என்று திரும்பி வருகிறது.

மருதமுனைத் தறி | சனி இரவு

அந்த டிங்தான் உங்கள் முதல் எதிரி. ஒன்றுக்கொன்று நேரே நிற்கும் இரண்டு மொட்டைச் சுவருக்கு இடையில் சத்தம் பந்து விளையாடுகிறது. எங்கள் ஊர்க்காரன் என்றதும் கைத்தறித் துணி வாங்கித் தொங்கவிடச் சொல்வேன் என்று நினைப்பீர்கள். தொங்கவிடலாம், வடிவாக இருக்கும். ஆனால் ஒற்றைத் துணி உச்சஸ்தாயியை மட்டும் தின்னும், கீழ்ச்சத்தத்தை அப்படியே விட்டுவிடும். பதிவு சாக்குக்குள் இருந்து பாடின மாதிரி வரும்.

தடிப்பு வேண்டும், அதோடு சுவருக்கும் அதற்கும் இடையில் இடைவெளியும் வேண்டும். 500 ஹேர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் கிட்டத்தட்ட 70 சென்டிமீற்றர். சுவரை ஒட்டி காற்று அசைவதே இல்லை, அசையாத காற்றைத் துணி என்ன செய்து பிடிக்கும்? அலைநீளத்தில் கால்வாசி, அதாவது ஒரு சாண் அளவு தள்ளி, காற்று ஓடுகிற இடத்தில் வைத்தால்தான் பிடிக்கும். நான் செய்தது: பழைய தும்பு மெத்தை இரண்டை சுவரில் சாய்க்காமல் கதிரைகளின் முதுகில் கட்டி, ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். ஒன்று பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால், மற்றது பக்கவாட்டில். செலவு கயிறு மட்டும்.

10க்கு 10 சதுர அறை வேறு. அதுவும் தொல்லை. இரண்டு பக்கமும் ஒரே நீளமானதால் 57 ஹேர்ட்ஸ் அளவில் இரண்டும் சேர்ந்து முழங்கும். மத்தளத்தின் இடப்பக்கம் அடித்தால் ஓரிடத்தில் இடி, இரண்டடி தள்ளினால் ஒன்றுமே இல்லை. மாமாவை நட்ட நடுவில் நிறுத்தாதீர்கள். அவரை அடிக்கவிட்டு நீங்கள் அறை முழுக்கக் காதோடு நடந்து பாருங்கள். வீட்டில் நெல்லுமூட்டை இருந்தால் இரண்டு மூலையில் அடுக்குங்கள். சாத்திரம் எவ்வளவு ஒத்துக்கொள்ளுமோ, என் காதுக்கு முழக்கம் குறைந்தது.

ஒலிப்பெட்டி | சனி இரவு

நான் எலி வரும் என்று சொன்னபோது சிரித்தீர்கள். இப்ப நெல்லையே உள்ளே வைக்கச் சொல்கிறார்.

அக்கரை றபான் | ஞாயிறு காலை

எங்கள் வாப்பா றபான் அடிப்பவர். தோல் வாத்தியத்தோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மைக்கைத் தோலுக்கு நேரே நடுவில் ஒட்ட வைக்காதீங்க. வெறும் தொம் தொம்தான் வரும், விரல் விழும் சத்தம் வராது. ஒரு அடி தள்ளி, விளிம்பைப் பார்த்த மாதிரிச் சரித்து வையுங்கள். அதில் இருந்து விரலளவு விரலளவாக நகர்த்திப் பதிந்து கேளுங்கள். நான் ஒரு முழுப் பின்னேரம் நகர்த்தியிருக்கிறேன். வாப்பா கடைசியில் 'நீ மைக்கை நகட்டிக்கொண்டிரு, நான் தொழுதுபோட்டு வாறன்' என்று எழும்பிப் போய்விட்டார்.

மத்தளத்துக்கு இரண்டு முகம், ஆகவே இரண்டு மைக் வைக்கலாம். வைத்தால் ஒரு பொறி இருக்கிறது. வலப்பக்கம் அடிக்கும்போது அந்தத் தோல் உள்ளே போகும், உள்ளே இருக்கும் காற்று தள்ளி இடப்பக்கத் தோல் வெளியே வரும். ஒரு மைக் இழுவை என்று எழுதுவதை மற்ற மைக் தள்ளு என்று எழுதும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்று, மத்தளம் தகரப் பேணியாகிவிடும். ரீப்பரில் ஒவ்வொரு ட்றாக்கிலும் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட ஒரு பட்டன் இருக்கும். ஒரு ட்றாக்கில் மட்டும் அதை அமத்துங்கள். அடிவயிறு திரும்பி வரும். அமத்தினதும் முன்னதைவிட மெலிந்தால் திரும்ப எடுத்துவிடுங்கள். காதுதான் நீதவான்.

சல்லரி, அதாவது கைத்தாளம், அடிப்பவர் இருந்தால் அவரை அறைக்குள் விடவே வேண்டாம். அது எல்லா மைக்குக்குள்ளும் புகுந்துவிடும், பிறகு எதைக் குறைத்தாலும் சல்லரி போகாது. கதவுக்கு வெளியே நிறுத்துங்கள், அல்லது பிறகு தனியாகப் பதியுங்கள்.

மறுகா, ஃபேனை நிப்பாட்ட மறக்க வேண்டாம். வியர்க்கும், பரவாயில்லை.

காரைதீவான் | ஞாயிறு மாலை

கொஞ்சம் வெளியே போகிறேன், மன்னிக்க வேண்டும். மைக் இல்லாமலே ஒலிப்பதிவு பழகலாம். எலக்ட்ரோனிக் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் பீசோ வில்லை, கடிகார அலாரத்துக்குள் இருக்குமே, அதில் ஒரு கிட்டார் வயரைப் பற்றவைத்தால் தொட்டுக் கேட்கும் மைக் தயார். மைக் வாயில் போடக்கூடாது, கிட்டார் வாயில் போட வேண்டும். பீசோவுக்குத் தடை கூடிய வாய் இல்லாவிட்டால் கீழ்ச்சத்தம் எல்லாம் ஒழுகிப் போய்விடும்.

நான் அதைச் செய்தது மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதாகச் சொல்கிறார்களே, அதைக் கேட்க. 1848இல் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் தோணியில் போய்க் கேட்டபோது, தோணியின் மரத்தில் காதை வைத்தால் சத்தம் பல மடங்கு கூடியது என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தோணிப் பலகைதான் அன்றைய தொட்டுக் கேட்கும் மைக். எங்கள் ஊர் விபுலானந்த அடிகள் அதே ஓசையை நீரர மகளிரின் இசை என்று பாடினார். நான் பௌர்ணமி இரவில் வில்லையைப் பலகையில் ஒட்டி இரண்டு மணித்தியாலம் பதிந்தேன். கிடைத்தது: தண்ணி தட்டும் சத்தம், தூரத்தில் ஒரு மோட்டார், தோணிக்காரரின் இருமல்.

கல்லடிப்பாலம் | ஞாயிறு மாலை

மீன் பாடினால் சொல்லுங்கள். இப்ப மத்தளத்துக்கு வருவோம்.

படுவான்கரையான் | ஒன்பது நாள் கழித்து

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாய் இன்டர்பேஸும் பழைய எஸ்எம்57 ஒன்றும் வாங்கிவிட்டேன். வயரை மாற்றினதும் அந்தக் கொன்டென்சர் ஆளே மாறிவிட்டது.

ஆனால் பாட்டு முன்னே போகவில்லை. முதலில் ஒரு உம்ம்ம் சத்தம். லப்டொப் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட விட்டதும் நின்றது. அது பரவாயில்லை. பெரிய பிரச்சினை கிளிக்.

நிமிடத்துக்கு 96 அடி என்ற வேகத்தில் கிளிக், அதாவது ஒரே சீராகத் தட்டும் கொம்பியூட்டர் தாளம், வைத்துக் கிட்டாரை முதலில் பதிந்தேன். மாமாவுக்கு ஹெட்போனைப் போட்டு, இந்த டொக் டொக்கோடு அடியுங்கள் மாமா என்றேன். எட்டு வரி ஒழுங்காக வந்தது. ஒன்பதாம் வரியில் தாளம் தீர்க்கும் இடம், வேகமேற்றி முடிப்பது, அவர் எப்போதும் போல ஏறினார். கிளிக் ஏறவில்லை. அவர் நின்றார். மறுபடி, மறுபடி, ஏழு தடவை. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, 'நான் இதைக் கேட்கணும் என்கிறாய், இது என்னைக் கேட்குமா?' என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

போதாக்குறைக்கு ஹெட்போனில் தன் அடி பிந்திக் கேட்கிறது என்றும் சொன்னார்.

கீபோர்ட் மட்டு | அதே இரவு

கல்யாண வீட்டு இசைக்குழுவில் பன்னிரண்டு வருடம். என் கருத்து கசக்கும். கிளிக் இல்லாமல் பதிந்தால் பிறகு கீபோர்ட், பேஸ், லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தயார்த் துண்டு) எதையும் மேலே வைக்க முடியாது. வெட்டி ஒட்டவும் முடியாது, இரண்டாவது தடவை பாடியது முதல் தடவையோடு பொருந்தாது. மாமாவுக்கு இரண்டு கிழமை கிளிக்கோடு பழக்கம் கொடுங்கள். எல்லாருக்கும் முதலில் கோபம் வரும், பிறகு வந்துவிடும். எனக்கும் வந்தது.

சல்லரிச் சத்தம் | மறுநாள் காலை

தம்பிமாரே, நான் கொம்பியூட்டர் தெரியாதவன், மகள் எழுதித் தருகிறாள். ஆனால் கூத்தாடும் களரியில் பிற்பாட்டுக்கு நின்றவன்.

கூத்தில் தாளத்தை ஒருத்தர் வைத்திருப்பதில்லை. ஆடுகிறவனின் காலை அண்ணாவியார் பார்ப்பார், அண்ணாவியாரின் கையை ஆடுகிறவன் கேட்பான், சல்லரி இரண்டு பேரையும் பார்க்கும். பாத்திரம் களரிக்குள் வரும் வரவு ஆட்டத்தில் புதுப் பொடியன் வந்தால் அண்ணாவியார் ஒரு இழை தாழ்ந்து கொடுப்பார். கெட்டிக்காரன் வந்தால் ஏற்றிப் பார்ப்பார். தாளம் தீர்க்கிற இடத்தில் ஏறாவிட்டால் சனம் எழும்பி வெத்திலை வாங்கப் போய்விடும். அந்த மாமா பிழை விடவில்லை. எட்டு வரி அந்தப் பெட்டிக்கு மரியாதை கொடுத்தார், ஒன்பதாவதில் அது தனக்கு மரியாதை கொடுக்கிறதா என்று பார்த்தார்.

கீபோர்ட் தம்பி சொல்கிற பழக்கம் வரும். வரும்போது மற்றப் பழக்கம் போகும்.

கீபோர்ட் மட்டு | அதே நாள்

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் தம்பி கேட்டது கூத்து இல்லை, கிட்டாரோடு பாட்டு. ஒன்றுக்கு மேல் ஆள் வாசித்தால் ஏதோ ஒன்றைப் பொதுவாகப் பிடிக்கத்தானே வேண்டும்.

கல்லடிப்பாலம் | அதே நாள்

பிடிக்க வேண்டும். எதைப் பிடிப்பது என்பதுதான் சண்டை. கிளிக்குக்குப் பதிலாக மாமாவைப் பிடித்தால் என்ன?

இப்படிச் செய்யுங்கள். முதலில் மாமாவும் நீங்களும் ஒரே அறையில், முகம் பார்த்து, கிளிக் இல்லாமல் முழுப் பாட்டையும் பதியுங்கள். மத்தளத்துக்கு எஸ்எம்57, உங்கள் குரலுக்குக் கொன்டென்சர். இந்தக் குரல் வழிகாட்ட மட்டும், பிறகு எறியப் போகிறோம், ஆகவே கவலைப்படாமல் பாடுங்கள். நாலைந்து தடவை முழுசாக அடித்து, மாமா தலையாட்டுகிற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அத்திவாரம். மறுகா ரீப்பரில் அந்தப் பதிவைப் பார்த்து ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் முதல் அடியிலும் ஒரு வேகக் குறி போட்டுக்கொண்டு வாருங்கள். 94, 95, தீர்க்கும் இடத்தில் 118 என்று எழுதப்படும். அப்போது சொப்ட்வெயாரின் கட்டம் மாமாவோடு சேர்ந்து ஏறி இறங்கும். கிளிக்கைப் போட்டால் அதுவும் ஏறும். கீபோர்ட் தம்பி அதன் மேல் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம். ஐந்து நிமிடப் பாட்டுக்கு எனக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். கண் எரியும், அவ்வளவுதான்.

பிந்திக் கேட்பது பபர் அளவால், அதாவது லப்டொப் ஒரு தடவையில் சேர்த்துவைத்து அனுப்பும் சத்தத்துண்டின் அளவால். 1024 என்று இருந்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் 21 மில்லிசெக்கன். சத்தம் காற்றில் அந்த நேரத்துக்குள் ஏழு மீற்றர் போய்விடும், களரியின் மறுகரையில் இன்னொரு அண்ணாவியார் நின்று அடிப்பதைக் கேட்பது போல. 128 ஆக்கினால் மூன்று மில்லிசெக்கனுக்குக் கீழே வரும், ஆனால் பழைய லப்டொப் கரகரக்கலாம். அதைவிட இன்டர்பேஸின் முகத்தில் நேரடியாகக் கேட்கிற பட்டன் இருக்கும், அதை அமத்துங்கள். சத்தம் லப்டொப்புக்குள் போகாமலே காதுக்கு வரும். நான் சொன்ன மாதிரி ஒரே அறையில் கிளிக் இல்லாமல் பதிந்தால் மாமாவுக்கு ஹெட்போனே தேவையில்லை.

கீபோர்ட் மட்டு | அதே நாள்

வேகக் குறி முறையை ஒத்துக்கொள்கிறேன். லூப் அதில் இழுபட்டு நாறும், அதையும் சொல்லி வைக்கிறேன்.

கல்லடிப்பாலம் | அதே நாள்

லூப்பை வைக்காதீங்க.

படுவான்கரையான் | மூன்று கிழமை கழித்து

முதல் பாட்டு முடிந்தது.

பகலில் ஒண்ணாது. றோட்டில் உழவு மெசின், மேலே சீற் வெயிலுக்கு டக் டக் என்று வெடிக்கிறது. இரவு 12 மணிக்குப் பிறகு வைத்தோம். மாமாவுக்கு அதுதான் வசதி, கூத்துக்காரன் குரலும் கையும் அந்த நேரத்தில்தான் திறக்கும் என்றார். மெத்தை இரண்டையும் கதிரையில் கட்டினேன். மருதமுனை அண்ணன் சொன்ன மாதிரி அறை முழுக்க நடந்து பார்த்ததில், ஜன்னலில் இருந்து மூன்றடி உள்ளே மத்தளம் சரியாக நின்றது. அவர் இடுப்பில் கட்டி நின்றுகொண்டுதான் அடிப்பார். கால் அசைந்தால் மத்தளமும் அசைகிறது, மைக்குக்கு அருகில் போகிறது, தள்ளிப் போகிறது. அசைய வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டு, மைக்கை இன்னும் அரை அடி தள்ளி வைத்தேன்.

மூன்றாவது தடவைதான் நாங்கள் எடுத்தது. அதில் இரண்டாம் சரணத்தில் பக்கத்து வளவு நாய் ஒரு தடவை குரைக்கிறது. நாலாவது தடவை நாய் இல்லை, கையும் இல்லை. மூன்றையே வைத்துக்கொண்டேன். என் குரலை மறுநாள் தனியாகப் பதிந்ததால் நாய் மத்தளத்துக்குக் கீழே ஒளிந்துவிட்டது. தெரிந்தவருக்கு மட்டும் கேட்கும்.

வேகக் குறி போட்டதில் ஒன்று கண்டேன். மாமா 93இல் தொடங்கி முதல் சரணத்தில் 95, பிறகு நான் மூச்சு வாங்கச் சிரமப்படும் வரியில் மட்டும் 91. ஒவ்வொரு தடவையும் அதே வரியில். நான்கு பதிவிலும் பார்த்தேன். நான் சொல்லவே இல்லை, எனக்கே தெரியாது அந்த இடத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று. தாளம் தீர்க்கும் இடம் 121 வரை போயிருக்கிறது. கிட்டாரை அதன் மேல் வாசிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. விரல்தான் மாமாவைத் துரத்தியது.

கீபோர்ட் அண்ணன், பேஸ் ஒன்று வைத்துத் தருகிறீர்களா? ஃபைல்களை அனுப்புகிறேன். லூப் இல்லை.

கீபோர்ட் மட்டு | அதே இரவு

அனுப்புங்க. 121ஐப் பார்த்ததும் கொஞ்சம் பயம்தான்.

அக்கரை றபான் | அதே இரவு

சல்லரியை எப்படிச் செய்தீங்க?

படுவான்கரையான் | அதே இரவு

மச்சான் பிறகு தனியாக விறாந்தையில் நின்று அடித்தான், ஹெட்போனில் மத்தளத்தைக் கேட்டுக்கொண்டு. பதிவு நல்லது. கலக்கும்போதுதான் சண்டை. கேட்டுவிட்டு மாமா குறை என்றார், இரண்டு டெசிபல் குறைத்தேன். இன்னும் குறை என்றார். மச்சான் காதோடு வந்து, கூட்டு, இல்லாவிட்டால் அடுத்த பாட்டுக்கு வர மாட்டேன் என்கிறான். இப்ப இரண்டு ஃபைல் செய்து வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று.